ஏழாவது திருத்தம்

முதலில் ட்ரக் திரும்ப வேண்டும்.
கட்டடம் பிறகு.
எழுபத்தைந்து அடி மரவண்டி ஒன்று
பம்புகளைச் சுற்றி வளைய எவ்வளவு நிலம் கேட்குமோ
அவ்வளவையும் கொடுத்துவிட்டு
மிஞ்சியதில்தான் கடை.

ஹேர்ஸ்ற்றுக்கு மேற்கே, பதினோராம் நெடுஞ்சாலையோரம்,
ஊசியிலைக் காட்டில் வெட்டியெடுத்த மூன்று ஏக்கர்.
வடமேற்கு மூலையை வெறுமையாக விட்டேன்.
இங்கே என்ன வருகிறது என்றான் பிரட்லி.
பனி, என்றேன்.
ஏப்ரல் வரை வழித்துக் குவிப்பதற்கும்
தரிப்பிடம் வேண்டும்.
காசு தராத வாடிக்கையாளர்தான்,
ஆனால் வராமல் இருந்ததில்லை.

பிரட்லி தலைமையகத்தின் குரல்.
மிசிசாகாவில், பதினான்காம் மாடியில், அவனிடம் விதிகள் உண்டு.
பாலைக் கடைசிச் சுவரில் வை.
மலசலகூடம் அதற்கும் அப்பால்.
அவசரத்தில் வருபவன்
சிப்ஸையும் சொக்லேற்றையும் கடந்துதான் போகவேண்டும்;
போகும்போது பார்க்காதவன்
திரும்பும்போது பார்ப்பான்.

'பாலை – பின்சுவர்' என்று தமிழில் குறித்துக்கொண்டேன்.
எழுதிய பிறகுதான்
அந்தச் சொல்லின் மற்ற முகம் தெரிந்தது:
நா வறண்டவர்கள் கடக்கிற நிலம்.
இங்கே அது வெள்ளையாய் இருக்கிறது,
அவ்வளவுதான்.

கல்லாவை வாசலுக்கு நேரே வைக்கவில்லை.
கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும்
மைனஸ் முப்பத்தெட்டு உள்ளே வந்து நிற்கும்.
பன்னிரண்டு பாகை சரித்தேன்.
அங்கிருந்து எட்டுப் பம்பும் தெரியும்,
குளிர்பெட்டியின் கடைசிக் கதவு தெரியும்,
ஒரு எட்டு நகர்ந்தால் மலசலகூட வாசலும்.
அலமாரி எதுவும் நாலரை அடியைத் தாண்டக்கூடாது;
இரவில் தனியே நிற்பவரின் கண் மட்டம்
என்று ஓரத்தில் எழுதினேன்.
அவர் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம் என்று எடுத்துக்கொண்டேன்.
எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று பிரட்லி கேட்டான்.
ஒன்றிலும் இல்லை.
ஸ்காபரோவில் மூன்று வருடம் இரவுவேலை பார்த்தபோது
என் உயரம்.

பிறகு கதிரை.
சிகரெட் தட்டுக்கு இடப்பக்கம்
இரண்டடிக்கு இரண்டடி, அதற்குள் சின்ன வட்டம்.
இரண்டாம் திருத்தத்தில் அதன்மேல் சிவப்புக் கோடு,
'உட்கார்ந்தவர் விற்கமாட்டார்.'
மூன்றில் மறுபடி வரைந்தேன். சிவப்பு.
நான்கில் 'ஏணி வைக்கும் இடம்' என்று பெயர் மாற்றினேன்.
ஐந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.
ஆறில் அங்கே லொத்தர் தட்டு வந்து குந்தியது.
ஏழாவதில் கையெழுத்து வைத்தேன்.
வீட்டுக்கடன் பதினைந்தாம் திகதி.

கடை திறந்து இரண்டாவது ஜனவரி.
வேறு வேலைக்காக மேற்கே போன இரவில்
எண்ணெய் முள் சிவப்பைத் தொட, நின்றேன்.
பம்ப் ஆறு. கதவு. பின்னாலேயே காற்று.
நான் சரித்த பன்னிரண்டு பாகை
சரித்தபடியே இருந்தது.
கல்லாவில் ஜினெட் என்று பெயர் அட்டை.
என்னைவிட ஒரு சாண் உயரம்.
லொத்தர் தட்டு ஜன்னலுக்கு நகர்ந்திருந்தது.
அது நின்ற இடத்தில்
கவிழ்த்த பாற்பெட்டி ஒன்று,
மேலே நாலாய் மடித்த கம்பளிச் சட்டை.

வாய் சும்மா இருந்திருக்கலாம்.
'இங்கிருந்து மூன்றாம் பம்ப் தெரியாதே' என்றேன்.

எழுந்துவிட்டார்.
என் கோட்டைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார்,
குதிக்காலால் பெட்டியை உள்ளே தள்ளினார்.
'கால் கொஞ்சம் வீக்கம், மேடம், இன்றைக்கு மட்டும்தான்.'

தலைமையகம் இல்லை நான், என்று சொல்ல
ஒரு வசனம் தேடினேன்.
எந்த வசனமும் தலைமையகம் மாதிரியே கேட்டது.

பால் வேண்டும் என்றேன்.
கடைசிச் சுவர் வரை நடந்தேன்,
சிப்ஸைக் கடந்து, சொக்லேற்றைக் கடந்து,
ஒவ்வொரு அலமாரியிலும் நின்று நின்று.
குளிர்பெட்டியைத் திறந்து
ஒவ்வொரு பையிலும் திகதி வாசித்தேன்,
பின்னால்
தரையில் பெட்டி உரசும் சத்தம்
கேட்கும்வரை.