ரி

வண்ணார்பேட்டை, இரண்டாவது மாடி,
கீழே பஞ்சர் கடை.
ராத்திரி பத்திலிருந்து விடியக்காலை ஆறுவரை
ஜப்பான் பிள்ளைகள் எழுதும் கமெண்டுகளில்
கெட்டது எது என்று பார்த்துச் சொல்வது என் வேலை.
பாடப்புத்தகத்து ஜப்பான்காரர்கள்
குனிந்து குனிந்து முழு வாக்கியம் பேசினார்கள்.
இங்கே ஒருத்தருக்கும் முதுகு வளையவில்லை.

இன்றைக்கு ஒரு சொல் சிவப்புக்கொடி குத்தி வந்தது:
புல்.
அதன் கீழே இன்னொருத்தி: பெரும் புல்வெளி.
கஞ்சா என்று பிடித்து வைத்திருந்தது மெஷின்.
'தூக்கிரும்மா' என்றார் செல்வின் சார்.

பொறுங்க சார்.
சிரிப்புக்கு அங்கே வராய் என்று பேர்.
முழுசாய் அடிக்க யாருக்குப் பொறுமை?
முதலெழுத்து டபிள்யூ மட்டும் போதும் என்றானது.
சிரிப்பு கூடக்கூட டபிள்யூவும் கூடி
வரிசை கட்டி நின்றபோது
எவனோ பார்த்திருக்கிறான்,
மழைக்கு மறுநாள் வரப்பில் தலைநீட்டுகிற மாதிரி
கூர்கூராய்.
அதிலிருந்து சிரிப்பு, புல்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'நெசமாவா?'
நெசம் சார். பூனை மீன்தொட்டிக்குள் விழுந்திருக்கு,
பிள்ளைகள் சிரிக்குது, அவ்வளவுதான்.

பக்கத்து சீட் நிலோபர், மேலப்பாளையத்துக்காரி,
நோட்டில் எழுதி வைப்பாள்.
எதன் வாலிலும் ஒரு 'ரு' ஒட்டினால் வினை.
கூகுளில் தேடினால் குகுரு,
டாக்ஸி பிடித்தால் டாக்குரு.
'நாம பண்ணு ஒட்டுதோம்லா, அது மாதிரி.'
போன மாசச் சொல் இந்த மாசம் செத்திருக்கும்.
அவள் நோட்டில் அடித்த கோடுதான் அதிகம்.

எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு.
புரிந்தது என்பதற்கு ர்யோகாய்,
இஸ்திரி போட்ட சொல்.
வாலைத் தட்டி ர்யோ ஆக்கினார்கள்.
அதுவும் நீளமாம்.
ரி.
ஒரே எழுத்து, அதற்குள்
ஒரு தலையாட்டல்.

ஆறு மணிக்கு இறங்கினால்
டவுன் பஸ் படியில் கண்டக்டர்
'ஷன் ஷன் ஷன்' என்று கூவுகிறார்.
ஜங்ஷன் தலையை யார் வெட்டியது, எப்போது,
கேட்டால் அவருக்கும் தெரியாது.
எல்லாரும் ஏறுகிறோம்.

அம்மாவுக்கு அடித்தேன்:
வாரேன், தோசை ஊத்து.
அம்மா போன் வாங்கி நாலு மாசம்.
எழுத்து சின்னது, கட்டைவிரல் பெரிசு.
கொக்கிரகுளம் தாண்டிப் பாலம் ஏறுகையில்
பதில் வந்தது, ச தவறிப்போய்:

ரி

ஜன்னலில் ஆறு கொஞ்சமாய்க் கிடந்தது.
நான் பஸ்ஸுக்குள்
ஒற்றையாய்ப் புல் முளைத்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் இருந்தவர்
காய்கறிப் பையை மடியில் எடுத்துக்கொண்டு
சற்றே தள்ளி உட்கார்ந்தார்.