எந்த யுத்தத்துக்கு முந்தியது

யுத்தத்துக்கு முந்திய கட்டடம் என்றார்
தரகர் இஸ்மாலெவ்வை.
எந்த யுத்தம் என்று கேட்டேன்.
வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார்.
"எல்லாத்துக்கும்தான் பிள்ளை."

உட்துறைமுக வீதியிலிருந்து ஓர் ஒழுங்கை.
டொக்யாட் கிளாக்குமாருக்காக
எவனோ வெள்ளைக்காரன் எழுப்பிய இரண்டு தட்டு.
ஆறு வீடு, ஒரு கிணறு, ஒரே ஒரு மாடிப்படி.
படியில் ஒன்பதாவது பலகை மட்டும் புதிது.
ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஆசுப்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
வெடிப்பைக் கண்டால் கை தானாகப் போகும்.
வடக்குச் சுவரில், நிலைக்கு மேலே ஒன்று,
முறிந்து கோணலாய்ப் பொருந்திய
முழங்கை எலும்பு மாதிரி.
தட்டிப் பார்த்தேன்.
ஆறித்தான் இருந்தது.

வங்கியில் கேட்டார்கள், காணி எத்தனை பேர்ச்?
காணி இல்லை. சங்கத்தில் ஆறில் ஒரு பங்கு.
சுவர் உங்களுடையதா?
எல்லாருடையதும்.
கூரை?
அதுவும்.
அப்ப உங்களுடையதென்று என்னதான் இருக்கு?
யோசித்து, திறப்பு என்றேன்.
சிரித்துக்கொண்டே கடன் இல்லையென்று எழுதினார்கள்.
காப்பு போனது, அட்டியல் போனது.
மிச்சத்தைக் கட்டாரிலிருந்து அனுப்பிய தம்பி
"மண்ணில்லாத வீடு என்ன வீடு அக்கா" என்று
குரல்பதிவு ஒன்றையும் சேர்த்து அனுப்பினான்.

பணத்தைக் கட்ட முதல்
சங்கம் என்னைப் பார்க்கவேண்டும்.
ரொட்ரிகோ மிஸ் வீட்டு விறாந்தையில்
நாலு கதிரை ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம்,
நடுவே கிறீம் கிறேக்கர்.

கருவாடு பொரிப்பீங்களா?
பொரிப்பேன்.
இரவு வேலையா?
மாதத்தில் பத்து நாள்.
அப்ப செருப்பைக் கழற்றிப்போட்டு ஏறுங்கோ,
எனக்கு நித்திரை பஞ்சம், என்றார் வாகீசன் மாஸ்டர்.
மானுக்குச் சோறு வைக்கக்கூடாது என்றாள் ஜெஸீமா,
கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து
காயப்போட்ட உடுப்பைச் சப்புதுகள்.

யன்னல் கண்ணாடி ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்?
நான் கேட்ட ஒரே கேள்வி.
யப்பான்காரன் குண்டு போட்ட அன்று, என்றார் மாஸ்டர்.
எண்பத்தி மூன்றில், என்றார் மிஸ்.
இல்லை, அதுக்குப் பிறகு, நான் பிள்ளைத்தாச்சி அப்ப, என்றாள் ஜெஸீமா.
சுமனதாச மாத்தயா தொண்டையைச் செருமினார்.
"மூணு தரம் போட்டது. பில் எல்லாம் என்னட்ட இருக்கு."

கடைசியில் பதிவேட்டைத் திறந்தார்கள்.
நாலாம் இலக்கம், கோ. திலகேஸ்வரி.
தொண்ணூறு ஆனியில் கதவைப் பூட்டிக்கொண்டு போனவள்.
போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன.
விற்கக் கையெழுத்து இல்லை,
உடைக்க ஒருவருக்கும் மனம் இல்லை.
அவளுடைய வரி, தண்ணீர்க்காசு, சந்தா
அன்றைக்கிருந்து ஐந்தாகப் பிரிகிறது.
"புது ஆள் எண்டாலும் இது உண்டு. சம்மதமோ?"

மாதம் முந்நூற்றுச் சொச்சம்.
குச்சவெளிக்கு அங்கால எங்களுக்கும் ஒரு கதவிருந்தது.
பூட்டினோமா என்று அம்மா இன்னும் கேட்பாள்.

சம்மதம் என்றேன்.
பேரம் பேசாமல் சொன்னதால்
கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

குடிவந்த முதல் இரவு, கட்டில்கூடப் பூட்டவில்லை,
சுவருக்குள் குழாய் உறுமியது.
வெளியே ஜெஸீமாவின் குரல்.
தண்ணி வருதோ?
வருது, கலங்கல்.
கொஞ்ச நேரம் ஓடவிடுங்கோ.
நாலாம் வீட்டிலயும் திறந்துவிட வேணும்,
இல்லாட்டி துரு கட்டும்.
இந்த மாதம் உங்கட முறை.

கதவிடுக்கால் கையை நீட்டினாள்.
உதிர்ந்த மான்கொம்புத் துண்டொன்றில் கட்டி
ஒரு பித்தளைத் திறப்பு.