நீலமூடி

வலது கெண்டைக்கால் இடதைவிட
மூன்று சென்டிமீட்டர் பருமன்.
டேப்பைச் சுற்றியது டாக்டர்,
எழுதிக்கொண்டது நான்.

லூர்து ஜெனோவா, நாற்பத்தொன்று.
மண்டபம் நண்டுக் கம்பெனியில்
விடியுமுன் நாலு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால்
சதை பிரித்து முடிய மூன்றாகும்.
பிள்ளை பெறத்தான் எழுந்தேன் என்கிறாள்,
சிரிக்காமல்.

நீலமூடிக் குழாயில் கோடுவரை ரத்தம்.
குறைந்தால் கணக்குப் பிசகும்,
கூடினாலும்தான்.
நாலு தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினேன்;
குலுக்கக் கூடாது.

மெஷின் இருப்பது ராமநாதபுரத்தில்.
உச்சிப்புளி கேட் மூடியிருந்தது.
மடியில் பை, பைக்குள் குழாய்,
பஸ் கண்ணாடியில் உப்பு.
வராத ரயிலுக்கு எல்லாரும் வழிவிட்டு நின்றோம்.

டி-டைமர் ஆயிரத்து எண்ணூற்று அறுபது.

ஐநூறுக்குக் கீழே வந்திருந்தால்
கட்டி அநேகமாய் இல்லை என்றிருக்கும்.
இல்லை சொல்லத் தெரிந்த பரிசோதனை,
ஆமாம் சொல்லத் தெரியாது அதற்கு.
காய்ச்சலுக்கும் ஏறும், காயத்துக்கும்,
வயிற்றுப் பிள்ளைக்கும், வெறும் வயசுக்கும்.

போனில் வார்த்தை தேடினேன்:
எங்கோ ரத்தம் உறைந்திருக்கலாம்,
உடம்பு அதை உடைத்துக் கரைக்கிறது,
அந்தத் துணுக்குகள்தான் இந்த எண்...

"ஓடு கிடக்கு,
எந்த மேசைன்னு தெரியல.
அதானே?"

அதேதான்.
டாப்ளர் இன்றைக்கே, ஆறு மணிக்குள்.
அதுவரை யாரும் எண்ணெய் போட்டுக்
காலை நீவக் கூடாது என்றேன்.

மறுமுனையில்
ஓடு உடைகிற சத்தம் நின்றது.

நேற்றே நீவியாயிற்று.