காரணம் கேட்டு வந்த கடிதத்துக்கு

புவான் ரொஹைஸா அவர்களுக்கு,
மலாயில்தான் எழுதித் தரவேண்டும், தருவேன்.
அதற்கு முன்னால் என் பாஷையில் ஒரு தடவை
எனக்கே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பத்து.
தண்ணீர்க் கட்டண முகப்பு, நான்காம் எண்.
சாப்பாட்டுக்குப் பிறகு
சௌராஸ்தா மார்க்கெட்டில் வாங்கிய ஜாதிக்காய் ஊறல்
இரண்டு துண்டு. சரி, நான்கு.
பினாங்கில் இது குற்றமென்றால்
பாதித் தீவைப் பிடித்து உள்ளே போடவேண்டும்.

எதிரே திரு. ஞானசீலன், ஆயர் ஈத்தாம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி பில்.
வீட்டில் ரெண்டே பேர், குழாயெல்லாம் மூடித்தான் இருக்கு,
ராத்திரியில மீட்டர் தானா சுத்துது என்றார்.
ஏர்கான் குளிர். எனக்குக் கொட்டாவி.
கை வாய்க்குப் போய்ச் சேருமுன்
நாக்குக்கு அடியிலிருந்து
தையல் நூல் கனத்தில் ஒரு பீச்சல்.
அத்தனை பெரிய கண்ணாடியில்
பணம் வாங்கும் ஓட்டைதான் கிடைத்தது அதற்கு.
பில் மேல் விழுந்தது, சரியாகத் தொகையின் மேல்.
முந்நூறு இன்னும் கொஞ்சம்
ஊதிப் பெரிதானது.

துப்பினாள் என்று எழுதியிருக்கிறார்.
துப்புவதற்கு உதடு குவியவேண்டும், புவான்.
மனசும் கொஞ்சம் கூட வரவேண்டும்.
என் வாய் அப்போது
பூட்ட மறந்த வீடு.

பல் டாக்டர் நூர் கண்ணாடி வைத்துக் காட்டினார்:
தாடைக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு சுரப்பி,
அதிலிருந்து ஒரு குழாய்,
நாக்கின் அடியில் கடுகளவு வாய்.
புளிப்புப் பட்டால் நிரம்பும். கொட்டாவியில் தசை இறுக்கும்.
குழாய், அழுத்தம், கசிவு.
எனக்கா விளக்கவேண்டும்?
பதினோரு வருஷமாக அந்தப் புகார்களைத்தானே பதிகிறேன்.

சொல்தான் கிடைக்கவில்லை.
லூடா என்றால் காறித் துப்பியதாகிறது.
ஆயர் லியூர் என்றால் தூக்கத்தில் வழியும் பிள்ளை.
தமிழுக்கு வந்தால்,
எச்சில் என்றதுமே தீட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.
உமிழ்நீரோ பெயரிலேயே
உமிழ்ந்தவள் நான் என்று தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது.
வாயூறியது எனலாம்.
ஆனால் திரு. ஞானசீலனைப் பார்த்து
வாயூறியது என்று எழுதினால்
அது வேறு விசாரணை.

ஒன்று மட்டும் மலாய்க் கடிதத்தில் இருக்காது.
போன மாதமும் அவர் வந்தார்.
பெயர் அட்டையைப் படித்துவிட்டு,
தவமலர், தமிழ்ப் பிள்ளைதானே, கொஞ்சம் குறைச்சுப் போடேன் என்றார்.
முடியாது என்றதும்
எந்தத் தோட்டத்தில் பிடித்தார்களோ என்று
பின்னால் நின்றவரிடம் சிரித்தார்.
நானும் சிரித்தேன். முகப்பில் அது வழக்கம்.
பதிலை விழுங்கினேன். அது போய்த் தங்கிய இடம்
தாடைக்குக் கீழேதான் எங்கோ.
சுரப்பிக்கு அது தெரியுமா என்று
டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

அவர் வீட்டுக் கசிவை அன்றைக்கே
மீட்டர் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்.
மண்ணுக்கு அடியில் இருக்கும்.
யாரும் திறந்துவிட்டதில்லை,
ஆனாலும் பில் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

நேற்றிரவு குளியலறைக் கண்ணாடி முன்னால்
ஜாதிக்காய் தின்று, பொய்க் கொட்டாவி விட்டு,
நாக்கை மடித்து, நீட்டி,
முக்கால் மணிநேரம்.
ஒரு சொட்டு வரவில்லை.
உள்ளே யாரோட சண்டை என்று கதவைத் தட்டினார் கணவர்.

டப்பாவில் இன்னும் ஒரு துண்டு இருக்கிறது.
நேரில் விசாரணை என்றால் கொண்டுவருகிறேன்.
புவான்,
கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.