குப்பை அலை

கோல்ம் நிலையத்தில் இறங்கும்போது மணி ஏழு ஐம்பது.
போட்ஸ்டாமிலிருந்து கூடவே வந்த மூடுபனி
இறங்காமல் அதே ரயிலில் போகிறது.

நாலு வாரமாக ஓடுகிறது கணக்கு.
அடித்தளத்தில் ஆயிரம் செயலிகள், ஓயாத விசிறிகள்,
அவற்றுக்குள் இரண்டு கருந்துளைகள்.
ஒன்று மற்றதைப்போல் நாலு மடங்கு கனம்;
பம்பரமாய்த் தலைசாய்த்துச் சுழல்கிறது அது.
நேற்றிரவு வரை பதினேழு சுற்று.
வானத்தில் இது நடந்தால்
நம் கருவிகளைத் தொட்டுப் போக அரை நொடி.

தொடக்கத்தில் அவற்றுக்குக் கடந்த காலம் கிடையாது.
இன்ன தூரம், இன்ன வேகம் என்று
நான்தான் வைத்தேன்,
முன்பின் அறியாத இருவரை மணவறையில் உட்கார்த்துவதுபோல.
கோடி ஆண்டு சுற்றிவந்த தடம்
சுற்றியுள்ள வெளியில் இல்லை.
பொய் பொறுக்காமல்
வெளி ஒருமுறை உதறிக்கொள்கிறது.
அந்த அலைக்கு எங்கள் பேச்சில் குப்பை என்று பெயர்.
வெட்டி எறிந்துவிட்டுத்தான்
மேற்கொண்டு படிப்போம்.

உள்ளே என்ன நடக்கிறதென்று யாரும் கேட்பதில்லை.
துளையின் வயிற்றைக் கணக்கு வலையிலிருந்து
கத்தரித்துவிட்டோம்.
அங்கே நான் செய்யும் பிழை எதுவும்
வெளியே வராது.
இந்தத் தொழிலில் கிடைக்கும் ஒரே மன்னிப்பு அது.

வெளியே செய்த பிழைக்கு மன்னிப்பில்லை.
செப்டம்பரில் இதே ஓட்டம் பதினாலாம் சுற்றில் செத்தது.
திரை முழுக்க 'எண் அல்ல, எண் அல்ல.'
எல்லையில் நான் விட்ட ஒரு கழித்தல் குறி.
வீட்டுக்குப் போய் மறுநாள் மாலை வரை தூங்கினேன்.

போன வாரம் சமையலறையில்
என் எவர்சில்வர் தட்டு கை தவறியது.
விளிம்பில் நின்று சுழன்று,
சாயச் சாய விரைந்து,
ஒலி கூர்மையாகிக் கூர்மையாகிச்
சட்டென்று அடங்கியது.
காபிக் கோப்பையோடு நின்ற வீப்கே
குனிந்து பார்த்துக் கேட்டாள்:
"நிறை விகிதம் என்ன?"

இன்று பதினொன்றரைக்கு இணைந்தன.
தட்டு விழுந்த ஓசையேதான், ஓசையின்றி.
கூட்டிப் பார்த்தேன்.
நாலும் ஒன்றும் ஐந்தாகவில்லை,
நாலே முக்காலே அரைக்கால்.
மீதி அரைக்கால் அலையாய்ப் போய்விட்டது.
ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போனதால்
மிஞ்சியது எதிர்ப்பக்கம் மெல்ல நகர்கிறது,
விருந்து முடிந்து நாற்காலியைப் பின்தள்ளுகிறவர் மாதிரி.

வீப்கே வரைபடத்தைப் பார்த்தாள்.
கிடையச்சு ஏன் முந்நூறில் தொடங்குகிறது என்று
அவள் கேட்கமாட்டாள்.

இந்த ஊரில் என்னை இறக்கிவைத்த முதல் வாரம்
எதிர்த்திசை ரயிலில் ஏறினேன்.
பால் என்று மோர் வாங்கினேன்.
கடைக்காரர் வணக்கம் சொன்னதற்கு
நன்றி சொல்லிவிட்டுத்
தெருமுனை வரை வியர்த்தேன், ஜனவரியில்.
எந்தப் படிவத்திலும் அது இல்லை.

"அடுத்தது ஆறு மடங்கா?" என்றாள்.
ஆறு என்றேன்.
மாலை நாலரைக்கு, இருட்டிய ஜன்னலருகே,
புதிதாய் இரண்டை வைத்து ஓடவிட்டேன்.
இந்த இடத்தில் எப்போதும்
தேநீர் எடுக்கப் போய்விடுவேன்.

உதறியது.
உட்கார்ந்து பார்த்தேன்.