கதவைத் திறக்காதீங்க

அடுப்பே மூட்டாமல் ஒரு இனிப்பு என்றதும்
பெரிய நாத்தனார் செங்கமலம் சிரித்தாள்.
"அதுக்குப் பேரு பஞ்சாமிர்தம்."

ஆனி பிறந்து ஆறு நாள்.
திருத்துறைப்பூண்டிக்கு இன்னும்
வந்து சேரவில்லை ஆற்றுத் தண்ணீர்.
வந்து சேர்ந்துவிட்டார்கள் காதுகுத்துக்குப் பதினேழு பேர்.
அடுப்படியில் நின்றால் முதுகெல்லாம் வாய்க்கால்;
அதில் மட்டும்
முறை வைக்காமல் ஓடுகிறது தண்ணீர்.

நாகப்பழம், தாலுகா ஆபீஸ் மரத்தில்.
கிழிந்த கொசுவலையைப் பிள்ளைகள் விரித்துப் பிடிக்க
இளம்பரிதி ஏறி உலுக்கினான்.
மண் படாதது இரண்டு படி,
பட்டது ஒரு படி.
கொட்டை எடுக்க உட்கார்ந்தவர்களுக்கு
ஓட்டுப் போட்டு வந்த மாதிரி மை,
ஒரு விரலில் அல்ல, பத்திலும்.
"அத்தனையும் கள்ள ஓட்டு" என்றார் மாமனார்.

தயிரை முந்தின ராத்திரியே வேட்டித் துணியில் கட்டிக்
கொல்லைக் குழாயில் தொங்கவிட்டிருந்தேன்.
நாலு நாளாய்ச் சொட்டாத குழாய்
விடிய விடியச் சொட்டியது.
கொஞ்சம் புளிப்புதான்.
சர்க்கரையைக் கூடப் போட்டேன்.

வெண்ணெய் உருக மொட்டைமாடியில் ஏழு நிமிஷம்.
கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தட்டு,
பதினோரு வருஷமாய்ப் பரணை விட்டு இறங்காதது.
அதில் நொறுக்கிய மேரி பிஸ்கட்,
மேலே தயிர்,
அதன் மேல் மசித்த பழம்.
மறுபடி பிஸ்கட், தயிர், பழம்.
நடுவில் எங்கோ ஒரு சிட்டிகை உப்பு.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

தோசை மாவை, மாமியாரின் இன்சுலினை,
ஈரத்துணியில் சுருட்டிய மல்லிகையை நகர்த்தி
ஃபிரிட்ஜில் ஓர் இடம் பிடித்தேன்.
நாலு மணி நேரம் இறுக வேண்டும்.
இரண்டாவது மணியில் கரண்ட் போனது.

யாரும் கதவைத் திறக்காதீங்க, என்றேன்.
சொன்ன மாத்திரத்தில் எல்லோருக்கும் தாகம்.
ஒருத்திக்குப் பூ வேண்டும்,
ஒருத்தனுக்குச் சும்மா பார்க்க வேண்டும்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்
கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.
என் சூடு உள்ளே போய்விடுமோ என்று
கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன்.

"ஃபீடர் போயிடுச்சுக்கா, ராத்திரி ஆகும்"
என்றார் லைன்மேன்.
காது குத்திய குழந்தை
அழுது களைத்துத் தூங்கியது.
மூன்று மணி நேரமாய் ஒரு கதவைத் திறக்காதிருப்பது
இத்தனை பெரிய வேலை என்று
யார் நம்புவார்கள்?

இருட்டிய பிறகு எடுத்தேன்.
செல்போன் வெளிச்சத்தில் தட்டின் பக்கவாட்டைக்
குனிந்து பார்த்தான் கொழுந்தன் தியாகேசன்.
போர்வெல் லாரியில் பத்து வருஷமாய் ஓடுகிறவன்.
கண்ணாடி மேல் விரலை மெல்ல இறக்கினான்.
"மேல வண்டல். அப்புறம் வெள்ளை மணல். இது களி.
மறுபடி வண்டல், மணல்..."
அடி பிஸ்கட் ஊறித் தளர்ந்த இடத்தில் விரல் நின்றது.
"இங்கன ஊத்து.
இதையும் தாண்டுனா நம்ம ஊர்ல உப்புதான் அண்ணி."
நான் வாயைத் திறக்கவில்லை.

கத்தி வைத்தால் துண்டு நிற்கவில்லை.
அடைமழையில் ஆற்றங்கரை மாதிரி
அப்படியே உட்கார்ந்தது.
அள்ளி டம்ளர்களில் ஊற்றினோம்.
இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டும்போதுதான்
செங்கமலம் கேட்டாள்,
இதுக்கு என்ன பேருன்னு சொன்னே?
இன்னும் வைக்கலை என்றேன்.

நாக்கு ஊதாவாகிவிட்டதா என்று
ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிக்கொண்டார்கள் பிள்ளைகள்,
இருட்டில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும்.

ஒன்பதரைக்குக் கரண்ட்.
உடம்பை ஒருமுறை குலுக்கிக்கொண்டு
ஃபிரிட்ஜ் மும்முரமாய் ஓடத் தொடங்கியது,
மாவுக்கும் மருந்துக்கும் நடுவில்
ஒரு தட்டு அளவு காலி இடத்தைக் குளிர்விக்க.

தியாகேசன் டம்ளரின் அடியை
விரலால் வழித்துக்கொண்டே
என்னிடம் மட்டும் கேட்டான்,
"எத்தனாவது அடியில அண்ணி போட்டீங்க, உப்பை?"