மாமியார் என்னும் பாறை

எங்கள் பிரிவில் மொத்தமே மூன்று பேர்,
நாற்பதைத் தாண்டிய பெண்கள்.
பதக்கமும் மூன்று.
ஆக, வந்ததுமே ஜெயித்துவிட்டாய் என்கிறான்
பதிவு மேசையில் யெர்னெய்,
எண் அட்டையை நீட்டியபடி.
முடித்தால்தானே, என்கிறேன்.
அதற்கும் சேர்த்துத்தான் சொன்னேன், என்கிறான்.

கொரோஷ்காவில் ஜூன். இரவெல்லாம் மழை.
மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் தலைமேல்
பீச் மரங்கள் இன்னும் சொட்டுகின்றன.
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குகிறேன்.
பயந்துபோய்க் கொஞ்சம் ஏற்றுகிறேன்.
மறுபடி இறக்குகிறேன்.
மூன்றாம் முறையாக ஊசியிலை மரத்தின் பின்னால்
ஒதுங்கப் போனால்
அங்கிருந்து மிலோய்கா எழுந்து வருகிறாள்.
நாங்கள் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

விசில்.

வார நாட்களில் நான் பல் செட் செய்கிறவள்.
மெழுகிலும் பீங்கானிலும்
முன்பின் தெரியாத ஒருவரின் கடைவாயை
மயிரிழை பிசகாமல் இழைத்துக் கொடுப்பவள்.
இங்கே பற்சக்கரத்தில் சேறு ஏறி
நறநறவென்று ஒரு சத்தம்,
சங்கிலியா, என் வாயா,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏற்றத்தில் ஒரு சிறுவன்
வாஃபர் தின்றபடி என் பக்கத்திலேயே நடந்து வந்தான்.
ஓடவில்லை, நடந்தான்.
என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு
உங்களுக்கு மூக்கு ஒழுகுது, என்றான்.
தெரியும் என்று சொல்லவும் மூச்சில்லை.

அப்புறம் அந்தப் பாறை.
ஆள் உயரம், நடுவில் வேர், கீழே வளைவு.
அதற்கு மாமியார் என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள்:
நேராகப் போனால் ஒன்றும் செய்யாதாம்,
தயங்கினால்தான் தொலைந்தோமாம்.
இடப்பக்கம் சுற்றிக்கொண்டு ஒரு கோழிப் பாதை.
நாற்பது விநாடி நஷ்டம்.
ஐந்து வருஷமாக நான் அந்தக் கோழி.
முதல் சுற்றிலும்.

இரண்டாம் சுற்றில்
பட்டறையில் சூளையை அணைத்தேனா என்று
திடீரென ஒரு சந்தேகம்.
சுவிட்சு கண்ணுக்குள் வருகிறது,
அதன் சிவப்பு விளக்கு வருகிறது,
கை வருகிறது, அணைத்ததா கை, இல்லையா,
இதற்குள் முன்சக்கரம் காற்றில்.
வயிறு மேலே நின்றுவிட
மற்ற எல்லாமும் கீழே வந்து சேர்ந்தது.
கொடிக்காரர் கைதட்டினார்.
யாருக்கென்று திரும்பிப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் இருநூறு மீட்டர்.
முன்னணியில் ஓட்டுகிற பெண் என்னை ஒரு சுற்று முந்திக்கொண்டு
மன்னிக்கணும் மேடம், என்று கடந்தாள்.
முந்தியது வலிக்கவில்லை.

மூன்றாம் சுற்று.
இப்போது எனக்குத் தெரியும், என்னால் முடியும்.
அதுதான் வினை.
பாறையின் உச்சியில் ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டேன்.
நேற்றுப் பிறந்த பாறை மாதிரி இருந்தது அது.
வேர் இவ்வளவு தடிமனா?
எத்தனை நேரம் நின்றேனோ,
சூளையை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை.
இறங்கி
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
கோழிப் பாதையில் நடந்தேன்.

கீழே மிலோய்கா, பஞ்சரான டயரோடு,
முழங்கால்வரை சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.
பம்ப் இருக்கா?
அன்று அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.
கொடுத்தேன்.
கொடிக்காரர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஏற்றத்தில் பின்னால் ஒரு மூச்சிரைப்பு.
திரும்பாமலே தெரிந்தது,
அது என் காற்றை அடைத்த டயர்.
பதினொரு விநாடி வித்தியாசம்.

முதலில் வந்த ஸ்டாஸ்யா
ஒரு காலத்தில் பனிச்சறுக்கு வீராங்கனை,
அவளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.
எனக்கு மூன்றாமிடம், ஒரு குப்பித் தேன்,
சைக்கிள் கழுவும் குழாயின் முன்னால்
நீளமான வரிசையில் கடைசி இடம்.

திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின்
மேல்தாடைமீது குனிகிறேன்.
என் காதிலிருந்து
காய்ந்த மண் ஒரு பொட்டு
மெழுகில் விழுகிறது.
உடனே ஊதித் தள்ளவில்லை.

சூளை அணைந்துதான் இருந்தது.
பம்ப் இன்னும் வரவில்லை.